கலைத்துறை ஆய்வுக்குப் பணம் எங்கே இருக்கிறது?

கேள்வி கேட்ட தங்கைக்கு வயது 30. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் முதுதத்துவமாணிக்கு (எம்.பில்.) பதிந்து இரண்டாவது வருடம் ஓடுகிறது. தலைப்பு, 1920களில் கொழும்பில் வெளிவந்த தமிழ்ப் பத்திரிகைகளும் தொழிலாளர் அரசியலும். தற்காலிக உதவி விரிவுரையாளர் ஒப்பந்தம் முடிந்துவிட்டதால், வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்துக் காலம் போகிறது. அவர் கேட்டது: “விஞ்ஞானம் படித்தவர்களுக்கு எத்தனையோ புலமைப்பரிசில் இருக்கிறது. கலைப்பிரிவுக்கு ஏதாவது உண்டா? எந்த நாட்டுக்கு முயற்சி செய்யலாம்?”

உண்டு. ஆனால் நீங்கள் நாட்டிலிருந்து தேடத் தொடங்கியிருக்கிறீர்கள். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். லண்டனா கனடாவா என்று முடிவெடுத்துவிட்டு, அங்கே “கலைத்துறைக்கான புலமைப்பரிசில்” என்று பெயர்ப்பலகை தொங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தப் பலகை பெரும்பாலும் இருக்காது. கலைத்துறைக்கான பணம் வேறு பெயர்களில் கிடக்கிறது: ஒரு மொழியின் பெயரில், ஒரு சுவடிக்கூடத்தின் பெயரில், “அபிவிருத்தி” என்ற பெயரில், சில இடங்களில் வெறும் வேலைவாய்ப்பு விளம்பரமாக. உங்கள் கையில் என்ன மூலம் இருக்கிறது, அது யாருக்குத் தேவை என்று தேடினால்தான் அது கண்ணில் படும். நான் பல வருடமாக இந்த விண்ணப்பங்களோடு மாரடிக்கிறேன், முதலில் எனக்காக, பிறகு என் மாணவர்களுக்காக. தெரிவுக் குழுவின் மேசைக்கு அந்தப் பக்கமும் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் உள்ளூரைப் பார்த்துவிடுவோம், அது சீக்கிரம் முடிந்துவிடும். வோட் பிளேஸ் பக்கம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் மானிடப்பண்பியல், சமூக விஞ்ஞானங்களுக்கென ஒரு தேசிய உயர்கற்கை நிலையம் இருக்கிறது. என்காஸ் என்று சுருக்கிச் சொல்வோம். 2005-இல் தொடங்கியது. எங்கள் துறைகளுக்கென்றே அரசு வைத்திருக்கும் ஒரே கதவு அதுதான். முதுதத்துவமாணி, கலாநிதி ஆய்வுகளுக்கு அது மானியம் கொடுத்துவந்திருக்கிறது. ஆனால் பெரும்பங்கு அரச பல்கலைக்கழகங்களின் நிரந்தர விரிவுரையாளர்களுக்கே போகிறது. உங்களைப் போலத் தற்காலிகத்தில் இருந்து வெளியே வந்தவர் நேராகப் போய்த் தட்டினால் திறப்பது கடினம். ஆனால் நிரந்தர விரிவுரையாளர் ஒருவர் அங்கே மானியம் எடுத்து நடத்தும் ஆய்வில் உதவியாளராகச் சேரலாம். உங்கள் மேற்பார்வையாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்காவிட்டால் அவர்களுக்கும் ஞாபகம் வராது.

உலக வங்கியின் 10 கோடி டொலரில் 2017-இல் தொடங்கிய ‘அஹெட்’ உயர்கல்வித் திட்டத்தைப் பற்றி இன்னமும் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அதன் காலம் 2023-இல் முடிந்துவிட்டது. பழைய அறிவித்தலை யாராவது வட்ஸப்பில் அனுப்பினால் திகதியைப் பார்த்துவிட்டு விடுங்கள்.

பணமாக வராத, ஆனால் பணத்தை மிச்சம் பிடிக்கும் விசயங்களில் கொழும்பு கொஞ்சம் தாராளமான ஊர். உங்கள் தலைப்புக்கு வேண்டிய பத்திரிகைகளில் பெரும்பகுதியை 7ஆம் வட்டாரத்தைச் சுற்றி நடந்தே பார்த்து முடிக்கலாம். தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. நூதனசாலை நூலகம் இருக்கிறது; 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகு இந்த நாட்டில் அச்சானவை அங்கே சேர்ந்திருக்கின்றன. இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தின் நூலகம் கின்சி டெரஸில் இருக்கிறது. சமூக விஞ்ஞானிகள் சங்கம் 1977-இலிருந்து தொழிலாளர் வரலாற்றுக்கு இடம் கொடுத்துவந்த அமைப்பு, உங்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். இரவில் நூலகம் வலைத்தளம். 2005-இல் சில இளைஞர்கள் தொடங்கிய அந்த எண்ணிம நூலகம் இல்லாவிட்டால் எங்கள் தலைமுறை ஆய்வுகளில் பாதி நடந்திருக்காது. ஆய்வுக் கட்டுரைகளின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் இலவசக் கணக்குத் திறந்தால் 30 நாளைக்கு 100 கட்டுரை வரை திரையில் வாசிக்கலாம். பல்கலைக்கழகச் சந்தா இல்லை என்று அழுபவர்களில் பாதிப் பேர் அந்தக் கணக்கைத் திறந்திருப்பதில்லை.

இனி வெளிநாடு. நாடுகளை விட்டுவிட்டு, பணம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்.

வட அமெரிக்காவில் கலாநிதிக்கு அனுமதி கிடைத்தாலே பணமும் கிடைத்ததாகத்தான் அர்த்தம். நல்ல பல்கலைக்கழகம் என்றால் கல்விக் கட்டணம் தள்ளுபடி, ஐந்து வருடமளவுக்கு மாத உதவிப்பணம், பதிலுக்கு இளமாணி மாணவர்களுக்குக் கற்பிப்பீர்கள். புலமைப்பரிசிலுக்கென்று தனி விண்ணப்பம் எதுவும் இல்லை. எங்கள் ஆட்கள் இதை நம்பவே மாட்டார்கள், “ஸ்கொலர்ஷிப் ஃபோம் எங்கே?” என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்காவில் முதுமாணிப் பட்டம் இல்லாமலும் சேரலாம். விண்ணப்பம் டிசம்பரில். பெரும்பாலான இடங்களில் ஏப்ரல் 15-க்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கட்டணம் உண்டு, 100 டொலர் அளவில். 2022-இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360-க்கு ஏறியதை அனுபவித்தவர்களுக்கு அது என்ன பணம் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் கட்டண விலக்குக் கேட்டு அனுமதி அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதினால் பல இடங்களில் தருகிறார்கள். என் மாணவி ஒருத்தி ஏழு இடத்துக்கு எழுதி நான்கில் விலக்குப் பெற்றாள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த வழி இப்போது சுருங்கிவருகிறது. 2025 ஓகஸ்டில் சிக்காகோப் பல்கலைக்கழகம், தென்னாசியக் கற்கைக்குப் பேர்போன இடம், தன் கலைப்பிரிவின் பல துறைகளில் அடுத்த வருடக் கலாநிதி அனுமதியைக் குறைப்பதாகவோ நிறுத்துவதாகவோ அறிவித்தது. ஆகவே விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன், அந்த வருடம் அந்தத் துறை ஆள் எடுக்கிறதா என்று பேராசிரியருக்கே எழுதிக் கேளுங்கள். கனடாவையும் பாருங்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ்க் கற்கைகளுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமைக்க வேண்டிய 30 இலட்சம் டொலர் 2021-இல் சேர்ந்து முடிந்தது. அதில் எங்கள் சனத்தின் ஓவர்டைம் பணம் நிறையவே இருக்கிறது. இருக்கை என்பது மாணவருக்கான புலமைப்பரிசில் இல்லைதான். ஆனால் தமிழ் மூலங்களை வாசிக்கத் தெரிந்த மேற்பார்வையாளர் இருக்கும் இடத்தில் உங்கள் விண்ணப்பம் வேறு கண்ணோடு பார்க்கப்படும்.

ஜேர்மனியிலும் சுவீடன், நோர்வே பக்கமும் கலாநிதி ஆய்வு பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. ஜேர்மனியில் கலைத்துறைக்கு 65 வீத வேலை என்று விளம்பரம் வருவது வழமை. அதாவது அவ்வளவு சம்பளம். வேலை முழு நேரம்தான் என்று அங்கே இருப்பவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். இந்த வேலைகள் ‘புலமைப்பரிசில்’ என்று தேடினால் வராது, வேலைவாய்ப்புப் பக்கங்களில்தான் வரும். எச்-நெட், யூராக்செஸ் என்ற இரண்டு தளங்களையும் வாரம் ஒருமுறை பாருங்கள். உங்கள் தலைப்புக்குக் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் நவீன இந்தியக் கற்கைகள் மையத்தைக் கட்டாயம் பாருங்கள். பெயரில் இந்தியா இருந்தாலும் அங்கே தொழிலாளர் வரலாறு வேரூன்றிய துறை. ஹைடல்பர்க்கின் தென்னாசிய நிறுவனம் 1962-இலிருந்து இருக்கிறது, தமிழும் கற்பிக்கிறார்கள். ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டி.ஏ.ஏ.டி. தரும் ஆய்வுக் கொடைகள் இதிலிருந்து வேறு. அதற்கு வழமையாக இறுதிப் பட்டம் பெற்று ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. உங்கள் இளமாணி எப்போது முடிந்தது என்று எண்ணிப் பாருங்கள். முதுதத்துவமாணி முடிந்தால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

பிரித்தானியாவில் ஆய்வுச் சபைகளின் மாணவர் கொடைகள் 2021-இலிருந்து வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கின்றன. ஆனால் ஒரு தொகுதி மாணவரில் 30 வீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் இருக்கக் கூடாது. 2025-26க்கு வருட உதவிப்பணம் 20,780 பவுண். கட்டணத்தில் உள்ளூர் அளவை மட்டும்தான் சபை கொடுக்கும், மிச்சத்தைப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்கிறதா என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். இதைக் கேட்காமல் இடம் எடுத்து, பிறகு கட்டண வித்தியாசத்துக்குக் காணி விற்ற கதை எனக்குத் தெரியும்.

இனித்தான் உங்களுக்கு மிகவும் பொருந்தும் என்று நான் நினைப்பது வருகிறது. கொமன்வெல்த் புலமைப்பரிசிலில் ‘ஸ்பிளிட்-சைட்’ என்று ஒரு வகை உண்டு. சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிக்குப் பதிந்திருப்பவர் பன்னிரண்டு மாதம் வரை பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்து ஆய்வு செய்யலாம். பட்டம் இங்கேதான். உங்கள் தலைப்புக்கு இது அச்சொட்டான பொருத்தம். ஏனென்றால் குடியேற்ற நாட்டுச் செயலகத்தோடு இலங்கை ஆளுநர் நடத்திய கடிதப் போக்குவரத்து முழுவதும் லண்டன் கியூவில் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில், சி.ஓ. 54 என்ற தொடரில் கிடக்கிறது. 1923 பொது வேலைநிறுத்தத்தின்போது கொழும்பிலிருந்து மேலிடத்துக்கு என்ன எழுதினார்கள் என்பதை அங்கே பார்க்கலாம். ஒரு வருடம் போதும். ஒரு தடைதான்: இது கலாநிதி மாணவருக்கு மட்டும். நீங்கள் முதுதத்துவமாணியில் இருக்கிறீர்கள். ஆகவே முதல் வேலை, பதிவைக் கலாநிதிக்கு உயர்த்துவது. முன்னேற்ற அறிக்கையும் ஒன்றிரண்டு அத்தியாயமும் காட்டினால் மேற்பார்வையாளரின் சிபாரிசோடு அது நடக்கும். பட்டங்களைத் தரப்படுத்தும் தேசியத் தகைமைச் சட்டகத்தில் 11-ஆம் மட்டத்திலிருந்து 12-ஆம் மட்டத்துக்குத் தாவுவது என்று நிர்வாகத்தில் சொல்வார்கள். சபைக் கூட்டங்கள் தள்ளிப்போகும், ஆறு மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொமன்வெல்த் விண்ணப்பத்தில் கலைத்துறைக்காரர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அது பிரித்தானியாவின் அபிவிருத்தி உதவிப் பணம். ஆகவே உங்கள் ஆய்வு அவர்களுடைய அபிவிருத்திக் கருப்பொருள்களில் எதற்குள் வருகிறது என்று எழுத வேண்டும். வரலாற்று மாணவர்கள் இதைக் கண்டதும் ஒன்றில் கைவிட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் “வறுமை ஒழிப்புக்கு உதவும்” என்று வாய்க்கு வந்ததை எழுதுகிறார்கள். இரண்டும் வேண்டாம். நூறு வருடத்துக்கு முன் சிங்களத் தொழிலாளரும் தமிழ், மலையாளத் தொழிலாளரும் ஒரே தொழிற்சங்கத்தில் நின்றதும், பத்து வருடத்துக்குள் அது குலைந்ததும் உங்கள் ஆய்வின் நடுப்பகுதிதானே? சமாதானமும் ஆட்சிமுறையும் என்ற கருப்பொருளுக்குள் அது நேர்மையாகவே வரும். உள்ளதைச் சொன்னால் போதும், மிகைப்படுத்தத் தேவையில்லை.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பிரித்தானிய அரசின் செவனிங் ஒரு வருட முதுமாணிக்கு மட்டும், 2,800 மணிநேர வேலை அனுபவம் கேட்பார்கள், உங்களுக்குத் தேவையில்லை. கொழும்பில் 1952-இலிருந்து இயங்கும் அமெரிக்க-இலங்கை புல்பிரைட் ஆணைக்குழு இங்கிருந்து போகும் மாணவருக்கு முக்கியமாக முதுமாணிக்குக் கொடுக்கிறது. முடித்துவிட்டு இரண்டு வருடம் நாடு திரும்பி இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டுஸ் முதுமாணிக்கு மாதம் 1,400 யூரோ, இரண்டு மூன்று நாட்டில் படிக்கலாம், இளையவர்களுக்கு நல்லது. யப்பான் அரசின் மொன்புகககுஷோ 35 வயதுக்குள், எல்லாத் துறைக்கும் உண்டு. அவுஸ்திரேலியாவில் ஆய்வுப் பயிற்சித் திட்டம் என்ற பெயரில் பல்கலைக்கழகங்களே வெளிநாட்டவருக்கும் கொடுக்கின்றன. உங்கள் ஆய்வு மானுடவியல் பக்கம் சாய்ந்தால் வென்னர்-கிரென் அறக்கட்டளை கலாநிதிக் களஆய்வுக்கு 25,000 டொலர் வரை தரும். எந்த நாட்டுப் பிரசை, எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்ப்பதில்லை. அது அபூர்வம்.

வருடாவருடம் யாராவது ஏமாறும் ஒன்று: சார்ள்ஸ் வோலஸ் அறக்கட்டளை. கல்கத்தாவில் வணிகம் செய்து 1916-இல் இறந்தவரின் சொத்து அது. “தென்னாசிய ஆய்வாளர்களுக்கு” என்று கேள்விப்பட்டு எங்கள் பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு விண்ணப்பம் தேடுவார்கள். இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், பர்மா நான்குக்கும் தனித்தனி அறக்கட்டளை இருக்கிறது. இலங்கைக்கு இல்லை. நாங்கள் வேறு குடியேற்ற நாடு, அவர் எங்களோடு வியாபாரம் செய்யவில்லை, அவ்வளவுதான்.

நான் ஆரம்பத்தில் சொன்ன ‘மூலம் யாருக்குத் தேவை’ என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் ஒல்லாந்தர் கால ஆவணங்கள். கொழும்புச் சுவடிகள் கூடத்தில் ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் கிடக்கின்றன. 2003-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்த தொகுதிகளில் அவையும் அடக்கம். அவற்றுள் தோம்புகள் இருக்கின்றன: யார் காணி, எத்தனை பனை, என்ன வரி என்று ஊர் ஊராகப் பதிந்த ஏடுகள். ஆனால் பழைய ஒல்லாந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த தமிழர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம். அதே நேரம் நெதர்லாந்துக்காரருக்கு இந்த ஆவணங்களை ஆசியர்களே வாசிக்க வேண்டும் என்ற ஆவல் இருந்தது. 2000-இன் தொடக்கத்தில் லெய்டன் பல்கலைக்கழகம் டனாப் என்ற திட்டத்தில் ஆசிய, தென்னாபிரிக்க இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போய், மொழியும் பழைய எழுத்தும் கற்பித்து, கலாநிதி வரை செலவு செய்தது. இலங்கையர்களும் அப்படிப் போய் வந்தார்கள். கொஸ்மோபொலிஸ் என்ற பெயரில் அந்த மரபு பிறகும் தொடர்ந்தது. அவர்கள் யாரும் ‘கலைத்துறைப் புலமைப்பரிசில்’ என்று தேடிக் கண்டுபிடித்ததில்லை. ஓர் ஆவணத்துக்கு வாசகர் தேவைப்பட்டார், அவர்கள் போனார்கள்.

உங்கள் கையில் அப்படி என்ன இருக்கிறது? தமிழும் சிங்களமும் இரண்டையும் வாசிக்கிறீர்கள். அதை விண்ணப்பத்தின் கடைசியில் ‘மொழியறிவு’ என்ற கட்டத்துக்குள் போட்டுவிட்டு மறந்துவிடுகிறீர்கள். 1920களின் கொழும்புத் தொழிலாளர் பத்திரிகைகளை இரு மொழியிலும் வாசிக்கக் கூடிய ஆய்வாளர்கள் உலகத்தில் மிகச் சிலர். தொழிலாளர் வரலாற்றுக்கென்றே 1935-இல் அம்ஸ்ரர்டாமில் தொடங்கிய சர்வதேச சமூக வரலாற்று நிறுவனம் போன்ற இடங்களுக்கு அது பெரிய விசயம். முதல் பந்தியிலேயே வர வேண்டியது அது.

அச்சேறிய பழைய பத்திரிகை எங்காவது தனியார் வீட்டில் கறையான் அரித்துக் கிடப்பதைக் கண்டால், பிரித்தானிய நூலகத்தின் ‘அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள்’ திட்டத்தையும் நினைவில் வையுங்கள். 2004-இலிருந்து நடக்கிறது. அது பட்டத்துக்குப் பணம் தராது, எண்ணிமமாக்கத்துக்குத் தரும். ஒரு நிறுவனத்தோடு சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அப்படி ஒரு வேலையில் ஒரு வருடம் சம்பளத்தோடு இருந்தவருக்குப் பிறகு ஆய்வு மூலத்துக்குப் பஞ்சம் வராது.

சரி, முன்மொழிவு. நீங்கள் அனுப்பிய வரைவின் முதல் வரி இப்படி இருந்தது: “ஊடகங்கள் சமூகத்தின் நான்காவது தூணாகக் கருதப்படுகின்றன. இலங்கையின் தமிழ் ஊடக வரலாறு நீண்ட பாரம்பரியம் கொண்டது.” தெரிவுக் குழுவில் நூறு விண்ணப்பம் வாசிப்பவர் இந்த இடத்திலேயே தேநீர் எடுக்கப் போய்விடுவார். நான் இருந்த குழுவில் அப்படித்தான் நடந்தது, போனவர்களில் நானும் ஒருவன். இதை இப்படி மாற்றிப் பாருங்கள்: “1923-இல் கொழும்பில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அதைப் பற்றி ஆங்கில ஆவணங்களைக் கொண்டு எழுதியிருக்கிறார்கள். வேலைநிறுத்தத்தில் நின்ற தமிழ்த் தொழிலாளர் அந்த நாட்களில் எந்தப் பத்திரிகையை வாசித்தார்கள், அல்லது யார் வாசிக்கக் கேட்டார்கள்? பத்திரிகையாளரும் தொழிற்சங்கவாதியுமான கோதண்டராம நடேசய்யர் 1921-இல் நடத்திய தேசநேசன் முதல் பத்தாண்டுக் காலத் தமிழ்த் தொழிலாளர் பத்திரிகைகளை, அதே காலச் சிங்களப் பத்திரிகைகளோடு ஒப்பிட்டு இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறேன்.” ஓர் ஆண்டு, ஓர் ஆள், ஒரு கேள்வி, ஒரு குவியல் ஆவணம். ‘யார் வாசிக்கக் கேட்டார்கள்’ என்ற துண்டுதான் குழுவைப் பிடிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பத்திரிகை ‘படித்த’ கதை அது, உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் 14-ஆம் பக்கத்தில் புதைந்து கிடந்தது.

முன்மொழிவில் எந்தத் தொடரின் எந்த வருடங்கள் எங்கே இருக்கின்றன, அவற்றில் எவற்றை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்று சொல்லுங்கள். “சுவடிகள் கூடத்தில் தரவு சேகரிக்கப்படும்” என்று எழுதுபவரும், “இந்தப் பத்திரிகையின் இந்த வருட இதழ்களைப் பார்த்து முடித்துவிட்டேன், இடையில் நான்கு மாதம் கிடைக்கவில்லை, அது சென்னையில் இருக்கலாம்” என்று எழுதுபவரும் ஒன்றல்ல. இடைவெளி இருப்பதை ஒளிக்காதீர்கள், அந்த இடைவெளிக்குத்தான் பயணப்பணம் கேட்கப் போகிறீர்கள்.

சென்னையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பிள்ளைகள் கடன்பட்டு ஐரோப்பாவில் பதினைந்து நிமிடம் கட்டுரை வாசித்துவிட்டு வருகிறார்கள். அதே காசில் சென்னையில் இரண்டு மாதம் தங்கலாம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் அந்தக் காலத்தில் இருந்த தமிழ்ப் பத்திரிகை உலகம் முழுவதும் இருக்கிறது. கொழும்புக்கும் சென்னைக்கும் இடையில் ஆளும் அச்சும் போய் வந்தபடியே இருந்த காலம் அல்லவா? காப்பகத்துக்கு அனுமதிக் கடிதம் தேவை, போக முன்னரே எழுதிவிடுங்கள். மாநாட்டை விட அந்த இரண்டு மாதம் உங்கள் அடுத்த விண்ணப்பத்தில் பேசும்.

சிபாரிசுக் கடிதம். எங்கள் நாட்டில் இதுதான் பலவீனம். “இவர் ஒழுக்கமான, சுறுசுறுப்பான மாணவி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்” என்று மூன்று வரி எழுதி, கையொப்பமும் ரப்பர் முத்திரையும் குத்திக் கொடுப்பார்கள். அன்போடுதான் கொடுக்கிறார்கள். வெளிநாட்டுக் குழு அதைப் பார்த்தால், இவருக்கு இந்த மாணவியைத் தெரியாது என்று நினைக்கும். ஆகவே கடிதம் கேட்கும்போது ஒரு பக்கக் குறிப்பும் சேர்த்துக் கொடுங்கள்: எந்தப் பாடம் படித்தீர்கள், உங்கள் ஆய்வில் என்ன புதிது, அவருடைய வகுப்பில் எழுதிய எந்தக் கட்டுரை இதன் தொடக்கம். பெரியவர்களுக்குக் குறிப்பெடுத்துக் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று யோசிக்காதீர்கள். “சேர், வேலைப்பளுவில் தேடக் கஷ்டமாக இருக்கும் என்று எழுதி வைத்தேன்” என்றால் சந்தோசமாக வாங்கிக்கொள்வார்கள். நாலு கிழமை அவகாசம் கொடுங்கள், கடைசிக் கிழமையில் ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள்.

அப்புறம் பெயர். சிரிக்காதீர்கள், எனக்கு ஒரு வருடம் இதில் போனது. என் பிறப்புச் சான்றிதழ் தமிழில். மொழிபெயர்த்தவர் பெயரில் இருக்கும் ‘த’வுக்கு ‘டீ’யும் ‘எச்’சும் போட்டார். பட்டச் சான்றிதழில் வெறும் ‘டீ’. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுதாக முன்னுக்கு நிற்க, பட்டச் சான்றிதழில் அது ஒற்றை முதலெழுத்தாகச் சுருங்கியிருந்தது. இடம் தந்த பல்கலைக்கழகம், இந்த மூன்று பேரும் ஒரே ஆளா என்று கேட்டு எழுதியது. சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, மொழிபெயர்த்து, அத்தாட்சிப்படுத்தி அனுப்புவதற்குள் அந்தத் தவணை தொடங்கிவிட்டது. இடத்தை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைத்தார்கள், பணத்தை ஒத்திவைக்கவில்லை. ஆகவே இன்றைக்கே மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் சத்தியக்கடதாசியை இப்போதே முடித்து வையுங்கள். சான்றிதழ்களை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்துவதையும், பல்கலைக்கழகத்தில் பெறுபேற்றுப் பத்திரம் முத்திரையிட்ட உறையில் எடுப்பதையும் விண்ணப்ப மாதத்துக்கு விடாதீர்கள்.

ஆங்கிலப் பரீட்சை அதற்கு எதிர்மாறு, முன்கூட்டி எழுதக் கூடாது. ஐஎல்ட்ஸ் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். ஆசைக்கு இப்போது எழுதினால் தேவைப்படும்போது காலாவதியாகிவிடும், கட்டணமும் சின்னக் காசில்லை. பதிவு கலாநிதிக்கு உயர்ந்த பிறகு, ஓகஸ்ட் அளவில் எழுதுங்கள். செப்டெம்பர், ஒக்டோபரில் கொமன்வெல்த்தும் டி.ஏ.ஏ.டி.யும் வரும், டிசம்பரில் வட அமெரிக்கா. யப்பான் தூதரகத்தின் அறிவித்தல் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும். திகதிகள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் நகரும், மூலத் தளத்தில் பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

இடையில் நிரந்தர விரிவுரையாளர் பதவி ஏதாவது கிடைத்தால் எடுங்கள். எடுத்தால் சம்பளத்தோடு படிப்பு விடுமுறை கிடைக்கும், ஆனால் திரும்பி வந்து வேலை செய்வதாகப் பொண்ட் எழுத வேண்டும். பிணை வைக்க இரண்டு பேர் தேடும் படலத்தில்தான் உறவுகளின் உண்மையான நிறம் தெரியும்.

“உங்கள் ஆய்வு எங்கள் சர்வதேச மாநாட்டுக்குத் தெரிவாகியுள்ளது” என்று வரும் மின்னஞ்சல்கள் உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். 300 டொலர் பதிவுக் கட்டணம், ஐந்து நாளில் பிரசுரம். எந்தத் தெரிவுக் குழுவும் அதை மதிக்காது, சில குழுக்கள் கழித்தே பார்க்கும். காசு வாங்கிக்கொண்டு புலமைப்பரிசில் எடுத்துத் தருவதாகச் சொல்லும் காலி வீதி முகவர்களும் அதே கூட்டம்தான். அவர்களிடம் இருப்பது பல்கலைக்கழகங்களிடமிருந்து தரகு வாங்கும் பட்டியல், அதில் கலாநிதி மாணவருக்கு ஒன்றும் இருக்காது.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். திங்கட்கிழமை சுவடிகள் கூடத்துக்குப் போகும்போது, கிடைக்காத அந்த நான்கு மாத இதழ்கள் எவை என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். பதிவை உயர்த்தும் கடிதத்தையும் அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். இரண்டையும் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.